பூமிநாதனுக்குக் கால் வழங்கும் விழாக்கள்

ஐக்கிய நாடுகள் சபைக்குக் காரைக்கால் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் 1981-ஐ ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். மற்ற நாடுகளில் அந்த ஆண்டு எப்படிக் கழிந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது முழுக்க என் மைக் செட்டின் தலையில்தான் விடிந்தது.

என் பெயர் நூர் அகமது. 'நூர் சவுண்ட் சர்வீஸ்' என்று கேட்டால் கடைத்தெருவில் யாரும் கை காட்டுவார்கள். கல்யாணம், கந்தூரி, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் கட்டுவது நான்தான். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பவனை யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. அதனால் மைக்குக்கு முன்னால் பேசுவதும் என் காதில் விழும், மைக்குக்குப் பின்னால் பேசுவதும் விழும். இரண்டில் எது உண்மை என்று கேட்காதீர்கள். எனக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

அந்த ஆண்டுக்காக எங்கள் ஊரில் 'அவயவ மறுவாழ்வுக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நகராட்சி அலுவலகத்தை எங்கள் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில் 'மேரி' என்பார்கள். அதற்கு எதிர்ச் சந்தில் ஒரு அறை. அறைக்குத் திறப்பு விழா நடந்தது. பெயர்ப்பலகை மாட்டுவதற்குத் தனி விழா. மின்விசிறி வந்ததும் அதைச் சுற்றவிடுவதற்கு ஒரு விழா. மூன்றுக்கும் நான்தான் மைக். கழகத்துக்கு அலுவலராக வந்தவர் பெயர் குஞ்சிதபாதம். நடராஜருடைய தூக்கிய பாதம் என்று அர்த்தமாம். பெயரைப் பார்த்து அந்த இலாகாவில் போட்டார்களோ என்னவோ, வேறு தகுதி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

மூன்று விழா முடிந்த பிறகுதான் கழகத்தில் கால் எதுவும் இல்லை என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள். அவர் வந்த அன்று வாசலில் நின்றிருந்த முதல் ஆள் காரைக்கால்மேட்டு பூமிநாதன். அவருடைய மொண்ணைக் காலில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, ஒரு கால் செய்து முடித்தார். இரண்டாவது ஆளுக்கு அளவெடுப்பதற்குள் டெக்னீஷியனுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஆகக் கழகத்தின் கையிருப்பு ஒரே ஒரு கால். அது பூமிநாதனைத் தவிர வேறு யாருக்கும் சேராது.

பூமிநாதன் மேட்டில், அதாவது காரைக்கால்மேட்டு மீனவர் கரையில், மீன் ஏலம் விடுகிறவர். படகு கரை சேர்ந்ததும் மீனைக் குவித்துவிட்டு எல்லோரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். குரல் என்றால் அது குரல். என் மைக் செட்டுக்கே வேலை வைக்காத குரல். அந்த ஏலத்துக்குச் சட்டம் என்று பார்த்தால் ஒன்றுதான்: கையைத் தூக்கினால் விலைக்குக் கேட்டதாக அர்த்தம். ஏலக்காரர் மூன்று தரம் சொல்லிவிட்டால் பொருள் போனது போனதுதான், பஞ்சாயத்தார் வந்தாலும் திரும்பாது. ஒருமுறை புது வாத்தியார் ஒருவர் காக்காயை விரட்டக் கையைத் தூக்கிவிட்டு, சுறா மீன் ஒன்றைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அதற்கு முந்தின வருஷம் படகை இழுக்கும்போது நங்கூரம் பூமிநாதனின் காலைக் கிழித்துவிட்டது. புண் சீழ் வைத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. அக்குளில் கட்டையோடு ஏலத்துக்கு வந்து பார்த்தார். ஏலக்காரருக்கு ஒரு கை மீனைத் தூக்கிக் காட்ட வேண்டும், ஒரு கை கேட்டவரைச் சுட்ட வேண்டும். கட்டையை விட்டால் ஆள் சாய்கிறார், விடாவிட்டால் வியாபாரம் சாய்கிறது. பஞ்சாயத்தார் அவருடைய மைத்துனன் பாலகுருவைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். தை பிறப்பதற்குள் பூமிநாதன் எழுந்து நின்று ஏலம் விட்டால் வேலை அவருக்கு, இல்லையென்றால் பாலகுருவுக்கே நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கையில ஒன்னும் கோளாறு இல்ல பாய். ஆனா கை வேணும்னா எனக்கு கால் வேணுமே," என்றார் பூமிநாதன் என்னிடம்.

கால் தயாரான அன்று கழகத்தில் குஞ்சிதபாதம் அவரை உட்காரவைத்து உபதேசம் செய்திருக்கிறார்.

"செயற்கைக் கால்ல பல வகை இருக்கு, பூமிநாதன். கட்டையில செஞ்சது இருக்கு. உறுதி, ஆனா கனம். பூட்ஸ் மாட்டின கால் இருக்கு. கம்பீரம், ஆனா மணல்ல புதையும். வெறுங்காலா நடக்குற மாதிரி ரப்பர் பாதம் வச்சது இருக்கு. தண்ணியில இறங்கலாம், குந்தலாம், சம்மணம் போடலாம். நல்லா யோசிச்சு, வீட்ல கலந்து பேசி, நீங்களே தேர்ந்தெடுக்கணும். அதான் மறுவாழ்வோட முதல் படி."

"ரப்பர் பாதமே குடுங்க சார்."

"இருக்கிறதும் அது ஒன்னுதான். பாருங்க, உங்க விருப்பப்படியே அமைஞ்சுபோச்சு."

கழகத்தின் அட்டெண்டர் சூசைராஜ் நல்ல மனுஷர். மொண்ணையில் பஞ்சுத் துணியைச் சுற்றி, உறையைப் போட்டு, காலை மாட்டிவிடுவார். கொல்லைப்புறத்தில் இரண்டு மூங்கிலைக் கிடையாகக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடக்கவைத்தார். முதல் சில நாள் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. துணியை மாற்றிச் சுற்றினார், ஆறியது. இல்லாத பாதத்தில் அரிக்கிறது, சொறிய முடியவில்லை என்று பூமிநாதன் அலுவலரிடம் சொன்னதற்கு, "இல்லாத உறுப்புக்குக் கழகம் பொறுப்பேற்காது," என்று பதில் வந்தது. சூசைராஜ்தான், இருக்கிற காலை அதே இடத்தில் சொறிந்து பாருங்கள் என்றார். அது கேட்டது.

மூங்கிலைப் பிடிக்காமல் நடக்கப் பழகிய அன்று பூமிநாதன் காலோடு வீட்டுக்குக் கிளம்பினார். அலுவலர் வாசலில் மறித்தார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க? அது இன்னும் உங்களுக்கு வழங்கப்படலையே."

"போட்டு நடந்துட்டேனே சார்."

"நடந்தீங்க. வாங்கலையே. விழா நடக்காம அரசாங்கப் பொருள் வெளியில போனா அதுக்குப் பேர் வேற."

கால் வழங்கும் முதல் விழாவுக்குக் கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். பூமிநாதன் கட்டையை ஊன்றி ஏறி வந்து, காலை வாங்கி, மாட்டி, மேடையில் நடந்தார். கூட்டம் கைதட்டியது. புகைப்படக்காரர் விளக்கை மின்னவிட்டார். நான் உட்பட எல்லோருக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். விழா முடிந்ததும் சூசைராஜ் ஒரு சாக்குப் பையோடு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "காலைக் கழட்டுங்கண்ணே," என்றார்.

அலுவலர் விளக்கம் சொன்னார். தலைவர் கொடுத்தது முன்னோட்ட வழங்கல். முழு வழங்கல் அமைச்சர் கையால்தான் நடக்க முடியும். இடைப்பட்ட காலத்தில் காலுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது அல்லவா. பூமிநாதன் வந்த கட்டையிலேயே திரும்பிப் போனார்.

இரண்டாவது விழா திருநள்ளாற்றில், லாட்ஜ்காரர்கள் செலவில். அதற்குள் பூமிநாதன் நன்றாகப் பழகிவிட்டார். காலை வாங்கி மாட்டியதும் மிலிட்டரிக்காரர் மாதிரி நடந்து போய் மாலையை வாங்கிக்கொண்டார். மேடைக்குப் பின்னால் அலுவலர் அவரைப் பிடித்து உலுக்கியது எனக்குக் கேட்டது.

"இவ்வளவு நல்லா நடந்தா இவருக்கு எதுக்குக் கால்னு கேக்க மாட்டாங்களா? கொஞ்சமாவது தடுமாற வேணாமா?"

மறுநாளிலிருந்து கழகத்தில் மறுவாழ்வுப் பயிற்சி மும்முரமானது. எப்படித் தடுமாறுவது, தடுமாறினால் தலைமை விருந்தினரின் வலப்பக்கமாகச் சாய்வது எப்படி (இடப்பக்கம் அவருடைய மனைவி இருப்பார்), மாலை போடும்போது எவ்வளவு குனிவது, கண்ணீர் எந்த இடத்தில் வரவேண்டும் என்று அலுவலரே நடித்துக் காட்டினார். சூசைராஜ் தலைமை விருந்தினராக நின்றார். எல்லாம் சரியாக வந்தது, கண்ணீர் மட்டும் வரவில்லை. பூமிநாதனுக்கு அந்தத் தொழில் தெரியாது.

பிறகு விழாக்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பின. வாலிபர் சங்கம், வணிகர் சங்கம், கோவில்பத்துக் குடியிருப்போர் சங்கம் எல்லோருக்கும் ஒரு ஊனமுற்றவருக்குக் கால் கொடுக்க வேண்டும். கொடுக்கக் கால் ஒன்று, போட ஆள் ஒருவர். அலுவலர் சளைக்கவில்லை. ஒவ்வொரு வழங்கலையும் ஒரு பயனாளி என்று மேலிடத்துக்கு எழுதினார். படத்தில் ஒரே முகம் வந்தால் நன்றாக இருக்காது என்று பூமிநாதனின் மீசையை எடுக்கச் சொன்னார். திருநள்ளாற்றில் பட்டை போட்டிருந்தவருக்குக் கோவில்பத்தில் கண்ணாடி மாட்டினார். அடுத்த கூட்டத்தில் கழுத்தில் சிலுவை தொங்கியது. அதற்கடுத்து என் கடைக்கே ஆள் அனுப்பி என் தொப்பியைக் கேட்டார். மத நல்லிணக்கமாம்.

"பாய், நான் உங்க ஆளாயிட்டேன், ஒரு டீ சொல்லுங்க," என்று தொப்பியோடு வந்து உட்கார்ந்தார் பூமிநாதன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கட்டத்தில் எங்களுக்கு இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது.

அவர் மனைவி அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கூடையில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்றுக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு நாள் கூடையோடு கழகத்துக்குள்ளேயே ஏறிவிட்டாள்.

"ஏங்க, ஊருக்கு ஊர் பந்தல் போட்டு தாலி கட்டி வக்கிறீங்க. பொண்ணை மட்டும் அனுப்ப மாட்டேங்கிறீங்களே. இது என்னங்க நியாயம்?"

குஞ்சிதபாதம் கோபப்படவே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "அம்மா, மத்த ஊர்ல ஒருத்தருக்கு ஒரு தடவைதான் கால் குடுக்குறாங்க. உங்க வீட்டுக்காரருக்கு நாங்க எத்தனை தடவை குடுத்திருக்கோம். அதை யோசிச்சுப் பாருங்க."

மார்கழி பிறந்தது. நிறைவு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று உறுதியானது. பூமிநாதன் எதிர்வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார், இந்தத் தடவை கால் வீட்டுக்கு வருகிறது என்று. விழாவுக்கு முதல் நாள் குழாய் கட்ட நான் போயிருந்தபோது அலுவலர் தச்சரிடம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். நீளம் ஏறக்குறைய ஒரு கால் அளவு.

"இவ்வளவு பேருக்கு மறுவாழ்வு குடுத்த கால், பாய். சாதாரணக் கால் இல்ல இது. அமைச்சர் வழங்கினதும் பாண்டிச்சேரி தலைமை அலுவலகத்துல நிரந்தரக் காட்சிக்கு வக்கிறோம். ஆண்டு முடியுதுல்ல, நினைவுச் சின்னம் ஒன்னு வேணாமா?"

"அப்ப பூமிநாதன்?"

"அவர் பேரும் பெட்டிக்குக் கீழ எழுதுவோம்," என்றார் தாராளமாக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் காதுக்கு நேரே ஒரு குழாயைத் திருப்பிக் கட்டினேன். சாயங்காலம் பூமிநாதன் கடைக்கு வந்தார். சூசைராஜ் சொல்லியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து கட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அழுகையா வருது பாய். அந்தாளு மேடையில அழச்சொன்னப்ப வந்து தொலையல. இப்ப வருது."

அவராகவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நன்றியுரை எனக்குத்தானே?" என்று கேட்டார். ஆமாம், பயனாளி நன்றியுரை என்று நோட்டீஸிலேயே போட்டிருக்கிறது என்றேன். "நான் பேசுறப்ப மைக்கை நிறுத்திப்புடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிறைவு விழாவுக்குக் கூட்டம் சேர்க்க அலுவலர் மேட்டுக்கே லாரி அனுப்பியிருந்தார். மீன் விற்கிற பெண்கள் அத்தனை பேரும் முன்வரிசையில். பஞ்சாயத்தாரும் வந்திருந்தார்கள். குஞ்சிதபாதம் வரவேற்றுப் பேசினார்.

"காலில்லாதவரை இந்தக் கழகம் காலுடன் நிற்கவைத்தது. ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் நிற்கவைத்தது. ஒரு காலை ஒருவருக்குக் கொடுப்பதை எவரும் செய்வர். ஒரே காலைக் கொண்டு ஒரு வட்டாரத்துக்கே மறுவாழ்வு அளித்த சாதனை நம்முடையது. சிக்கனத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை."

அடுத்து அமைச்சர். "ஒரு கால் கொடுத்தால் ஒரு மனிதன் நிற்பான். ஒரு விழா எடுத்தால் ஒரு துறையே நிற்கும். ஆகவே விழாக்களைக் குறைக்கச் சொல்பவர்கள் முடவர்களின் எதிரிகள்."

கைதட்டல். கால் வழங்கப்பட்டது. பூமிநாதன் மாட்டிக்கொண்டார். பக்கவாட்டில் கண்ணாடிப் பெட்டி திறந்தபடி காத்திருந்தது, சாக்குப் பையோடு சூசைராஜ் படிக்கட்டில் நின்றார். நன்றியுரைக்கு பூமிநாதன் மைக்குக்கு வந்தார். கட்டை இல்லை, இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி மடித்துக் கட்டினார்.

"சரக்கைப் பாத்துக்குங்க. ரப்பர் பாதம், அலுமினியக் குழலு. தண்ணிக்குத் தாங்கும், மணலுக்குத் தாங்கும். கெட்டுப்போவாது, ஐஸ் வேணாம். யாரு கேக்குறா?"

அந்தக் குரலை ஒரு வருஷமாக ஊர் கேட்கவில்லை. முன்வரிசை நிமிர்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் முன்னாலேயே பேசிவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அஞ்சுகம் உடனே கையைத் தூக்கி, காசுக்குப் பதில் மீனையே விலையாக வைத்து, "ஒரு கூடை மத்தி," என்றாள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. இருப்பார்களா? அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கைகள். "மத்தி ஒரு கூடை, ஒரு தரம்," என்று அவர் சொன்னதுதான் தாமதம், பூவாயி எழுந்து, "ரெண்டு கூடை," என்றாள். பின்னால் செல்லம்மா, "கெளுத்தி." இன்னொருத்தி, "வஞ்சிரம் ஒரு கூடை." காலை வாங்கி என்ன செய்யப்போகிறோம் என்று ஒருத்திக்கும் தெரியாது. ஏலத்தில் தோற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அஞ்சுகம் திரும்பி முறைத்த முறைப்பில் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. குஞ்சிதபாதம் மைக்கை நிறுத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினார். ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கிடக்கிறது, தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பதிலுக்குக் கை காட்டினேன்.

"வஞ்சிரத்துக்கு மேல ஒரு கூடை இறால். கேக்குறது யாரு?" என்றார் பூமிநாதன். மேட்டு இளவட்டங்கள் விசிலடித்தார்கள். எல்லாம் தமக்கான வரவேற்பு என்று நினைத்த அமைச்சர் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாக, வலது கையை உயரத் தூக்கி ஆட்டினார்.

ஏலக்காரர் கண்ணுக்குத் தப்புமா? "இறால் ஒரு கூடை, அமைச்சர் ஐயா. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஐயாவுக்குப் போச்சு."

முன்வரிசை மொத்தமும் "போச்சு" என்றது. பஞ்சாயத்தாரில் மூத்தவர் தலையை ஆட்டினார். மேட்டு வழக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை.

மைக் திறந்தே இருந்ததால் அடுத்து நடந்ததை ஊரே கேட்டது.

"என்னய்யா நடக்குது?" இது அமைச்சர்.

"ஐயா காலை ஏலத்துல எடுத்துட்டீங்க." இது குஞ்சிதபாதம். "ஆனா கழகத்தோட உடைமை, ஐயா, பெட்டி தயாரா இருக்கு..."

"எடுத்த காலை இப்ப நான் வேணாம்னா இந்தப் பொம்பளைங்க என்ன சொல்வாங்க?"

"தேர்தல்ல சொல்வாங்க, ஐயா," என்றார் சூசைராஜ் படிக்கட்டிலிருந்து. அந்த ஆண்டு முழுவதும் அவர் மேடையில் பேசியது அது ஒன்றுதான்.

அமைச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அன்பான தாய்மார்களே, நான் ஏலத்தில் எடுத்த இந்தக் காலை, அரசாங்கத்தின் சார்பாக அல்ல, என் சொந்தப் பரிசாக இந்த மீனவச் சகோதரருக்கே வழங்குகிறேன்."

அந்தக் கைதட்டலில் என் குழாய் ஒன்று கழன்று விழுந்தது. பழக்க தோஷத்தில் அலுவலர் பையை நீட்டச் சொன்னார். அஞ்சுகம் மேடையேறி வந்து இடையில் நின்றாள். "இது அமைச்சரு குடுத்த பொருளு. இப்ப தொடுங்க பாப்போம்," என்றாள். யாரும் தொடவில்லை. பூமிநாதன் அந்தக் காலோடு படியிறங்கி, லாரியில் ஏறாமல் மேடு வரைக்கும் நடந்தே போனார். பாலகுரு பாதி வழியில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை மச்சான், எனக்குத் தொண்டை கிழிஞ்சுபோச்சு," என்றானாம்.

கழகத்தில் கணக்கு மட்டும் முடியவில்லை. அமைச்சர் கழகத்துக்கு ஒரு கூடை இறால் தர வேண்டும். அமைச்சரிடம் யார் போய்க் கேட்பது? கேட்காமல் ஆண்டை எப்படி முடிப்பது? குஞ்சிதபாதம் யோசித்து, அமைச்சர் சார்பில் தாமே இறால் வாங்கி, கழகத்தின் சார்பில் தாமே பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

அவர் இறால் வாங்க வந்த அன்று காலையில் நானும் மீன் வாங்கப் போயிருந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஈர மணலில் மீன் குவியல்களைச் சுற்றிக் கூட்டம். நடுவில் பூமிநாதன், ஒரு கையில் கொடுவா, மறு கை கேட்பவர்களைச் சுட்டிச் சுட்டிப் போகிறது. குவியலுக்குக் குவியல் தாண்டி நடக்கிறார், குந்துகிறார், எழுகிறார். பான்ட்டை மடித்துவிட்டு, கூடையோடு, அலுவலர் ஓரத்தில் நின்றிருந்தார்.

"பூமிநாதன்," என்றார் மெதுவாக. "அறிக்கைக்கு ஒரு படம் பாக்கி இருக்கு. காலை ஒரு நிமிஷம் கழட்டிக் குடுத்து வாங்கிக்கிட்டா..."

"வாங்க சார். ஏலம் நடக்குது, கையைக் கீழ போட்டுக்கிட்டு நில்லுங்க," என்றார் பூமிநாதன், திரும்பிப் பார்க்காமல்.

அலுவலர் கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். இறால் குவியல் வர நேரமாகும். நான் இருப்புக்கொள்ளாமல் சுற்றிலும் பார்த்தேன். வருஷம் முழுக்க மேடைக்கு மேடை ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்த கால் அது. அதில் மணல் அப்பியிருந்தது, செதில் ஒட்டியிருந்தது. ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. அஞ்சுகம்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.